அமைதியாகப் படுத்திருந்தால் தேறிவிட்டார் என்றா அர்த்தம்?

நம்பிக்கை: “மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் அப்பா உளறுகிறார்.”

உண்மை: பைபாஸ் முடிந்த அன்று இரவு இப்படிச் சொன்னால் சரி. மூன்றாம் நாளும் “என்னைக் கடத்திவந்து அடைத்துவைத்திருக்கிறார்கள்” என்று ட்யூபைப் பிடுங்குகிறார் என்றால் மயக்க மருந்தின் மேல் பழி போட முடியாது. அதற்குப் பெயர் டெலிரியம். மூளைக்கு வரும் திடீர்க் குழப்பநிலை. இதய அறுவைக்குப் பின் தேடிப் பார்த்தால் ஐந்தில் ஒருவருக்காவது இது இருக்கும். வயதானவர்களில் இன்னும் அதிகம். பைத்தியமும் இல்லை, செய்வினையும் இல்லை. நோய்த்தொற்று, ஆக்சிஜன் குறைவு, சோடியம் ஏற்ற இறக்கம், வலி, தூக்கமின்மை என்று பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். அதைத்தான் தேட வேண்டும்.

நம் வீடுகளில் மறைக்கப்படும் காரணம் ஒன்றும் உண்டு: குடி. தினமும் குடித்தவருக்கு அது நின்ற இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் குழப்பமும் வரலாம். டயஸிபாம் வகை மருந்துகள் சாதாரண டெலிரியத்தை மோசமாக்கக்கூடியவை. குடியை நிறுத்தியதால் வரும் குழப்பத்துக்கோ அவையே முதல் மருந்து. “எப்போதாவது கம்பெனிக்காக” என்று குடும்பம் மழுப்பினால், மருத்துவர் எந்தப் பக்கம் போவார்?

நம்பிக்கை: “சத்தமில்லாமல் படுத்திருக்கிறார், நன்றாகத் தேறுகிறார்.”

உண்மை: கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். டெலிரியத்தில் அதிகம் தவறவிடப்படுவது வாய் திறக்காமல் கூரையைப் பார்த்துக் கிடப்பவரைத்தான். இதற்காகவே அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி ஈலி குழுவினர் 2001-இல் ஒரு படுக்கையோரச் சோதனையை வெளியிட்டார்கள். அதன் முக்கியமான பகுதி இது: நர்ஸ் பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார், ‘ஏ’ வரும்போது மட்டும் நோயாளி அவர் கையை அழுத்த வேண்டும். இரண்டு தவறுக்கு மேல் போனால் கவனம் நிலைக்கவில்லை என்று பொருள். வென்டிலேட்டரில் பேச முடியாதவருக்கும் செய்யலாம், இயந்திரம் தேவையில்லை.

அந்த அமைதிக்குள் வலிப்பும் ஒளிந்திருக்கலாம். கை கால் வெட்டாமல் மூளைக்குள் மட்டும் ஓடும் வலிப்பு அது. இரத்தக்கசிவைக் குறைக்கத் தரும் டிரானெக்ஸாமிக் அமிலம் அளவு கூடினால் வலிப்பு வரும் வாய்ப்பும் கூடும். கண் திறக்க வேண்டிய நேரம் தாண்டியும் திறக்காதவருக்கு ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

நம்பிக்கை: “நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி மூளையையே பார்க்கிறார்களே, தப்புமா?”

உண்மை: தப்பும். அது மூளையின் முன்பகுதியில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டும் காட்டுகிறது. பின்பக்கம் வரும் பக்கவாதம் அதில் தெரியாது. முதல் சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன்கூட இயல்பாக இருக்கலாம். “இரண்டு கையையும் தூக்குங்கள், உங்கள் பெயர் சொல்லுங்கள்” என்று திரும்பத் திரும்பக் கேட்பது நர்ஸுக்குப் பொழுது போகாமல் அல்ல.

நம்பிக்கை: “ஹார்ட்-லங் மெஷினில் போட்டால் மூளை மழுங்கிவிடும். பீட்டிங் ஹார்ட் ஆபரேஷன் என்றால் பயமில்லை.”

உண்மை: இந்தப் பயத்துக்கு ஓர் ஆய்வு தீனி போட்டது. பைபாஸ் செய்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து அறிவாற்றல் குறைந்திருந்ததாக 2001-இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் எழுதினார்கள். அறுவை செய்துகொள்ளாத இதய நோயாளிகளோடு அதில் ஒப்பீடு இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு பின்னர் அப்படி ஒப்பிட்டபோது, மெஷினில் போட்டவர், போடாதவர், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர் எல்லோருக்கும் சரிவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. குற்றவாளி பெரும்பாலும் இரத்தக்குழாய் நோய்தான். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதன் கூட்டாளிகள். ஆனால் மகாதமனியில் சுண்ணாம்பு அதிகம் படிந்தவருக்கு, மகாதமனியைத் தொடாமல், இதயம் துடிக்கும்போதே செய்யும் முறை உண்மையிலேயே பாதுகாப்பானது. அந்தத் தேர்வு சர்ஜனுடையது.

நம்பிக்கை: “வீட்டுக்கு வந்தாயிற்று, இனிப் பக்கவாதம் வராது.”

உண்மை: அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகிறது. அப்போது இதயத்தில் உறையும் இரத்தக்கட்டி, டிஸ்சார்ஜுக்குப் பிறகும் மூளைக்குப் போகலாம். வாய் கோணினால், பேச்சு குழறினால் உடனே 108. புதிதாக அறுவை நடந்தவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடத் தயங்குவார்கள். குழாய் செலுத்தி அதை வெளியே எடுக்கும் வழி உண்டு. அது எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. ஆபரேஷன் நடந்த தேதியை ஆம்புலன்ஸ்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.