இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் ஏன் அணைகிறது?

கேள்வி: ஐயா, வண்டலூரில் தரைத்தள வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். ஒரு டெஸ்க்டாப், மானிட்டர், வைஃபை மோடம், இவ்வளவுதான். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. சேவ் செய்யாத வேலையெல்லாம் போய்விடுகிறது. ஒரு கடையில் 600 விஏ யுபிஎஸ் போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் 1 கேவிஏ வேண்டும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?
- வாசகி, வண்டலூர்

பதில்: கடைக்குப் போகும் முன் உங்கள் இன்வெர்ட்டரை ஒருமுறை பாருங்கள் அம்மா. பல மாடல்களில் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது யுபிஎஸ் பக்கம் இல்லாவிட்டால், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேனுக்கு அது தெரியாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸோ முழு லோடில் சுமார் 16 மில்லி விநாடி தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. ஸ்விட்சைத் தள்ளிப் பாருங்கள். காசு செலவில்லாமலே பிரச்சினை தீரலாம். ஆனால் யுபிஎஸ் பக்கம் வைத்தால், வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். கோடைக்கால இரவுகளில் லோ வோல்டேஜ் வரும் தெருவானால் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

அப்படியும் கம்ப்யூட்டர் அணைந்தால் 600 விஏ வாங்குங்கள். அந்த அளவு யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தரும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரும் எல்இடி மானிட்டரும் சேர்ந்து 150 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். கேமிங், வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்குத்தான் 1 கேவிஏ. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றுதான். புதிதில் கால் மணி நேரம் வரும். சேவ் செய்து முறையாக அணைக்க அது தாராளம். மணிக்கணக்கில் வேலை ஓட வேண்டுமானால் அது இன்வெர்ட்டரின் பொறுப்பு.

இரண்டையும் சேர்த்துப் போடும்போது ஒரு சிக்கல் உண்டு. உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால், அது தரும் கரண்டை யுபிஎஸ் ஏற்காமல் போகலாம். வீடு முழுக்க விளக்கு எரியும். யுபிஎஸ் மட்டும் பீப் பீப் என்று கத்திக்கொண்டே தன் பேட்டரியைக் காலி செய்துவிடும். அதனால் வாங்கியதும் மெயினை அணைத்துப் பாருங்கள். சில விநாடிகளில் பீப் சத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மாற்றித் தருவதாகச் சொல்லும் கடையில் வாங்குவது நல்லது. லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் சொருகவே சொருகாதீர்கள்.

மோடத்துக்குத் தனியாக மினி யுபிஎஸ் கிடைக்கிறது. மோடம் இழுப்பது சுமார் 10 வாட்தான் என்பதால் அது சில மணி நேரம் தாங்கும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவையே கேட்டு வாங்குங்கள். 9 வோல்ட் மோடத்தில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் கருகிவிடும்.

நம் ஊர் வெயிலில் இந்தச் சின்ன பேட்டரிகள் இரண்டு, மூன்று வருடம் உழைத்தாலே அதிகம். ஜன்னல் வெயில் படாத இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள். பேட்டரி போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். பழையதைக் குப்பையில் போடாமல் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

தரைத்தளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பக்கத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி மிதந்தன என்று பார்த்தோம். தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக மின்வாரியம் தெருவுக்கே கரண்டை நிறுத்திவிடும். ஆனால் உங்கள் யுபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைத் தந்துகொண்டேதான் இருக்கும். தெரு இருட்டாக இருக்கிறதே என்று நம்பித் தண்ணீரில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. யுபிஎஸ்ஸைத் தரையில் வைக்காதீர்கள். மேசை மேலோ சுவர் அலமாரியிலோ வையுங்கள். வாசலுக்குத் தண்ணீர் வரும்போதே, தரை காய்ந்திருக்கையிலேயே, இரண்டையும் அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகு அவற்றின் அருகே போகவே வேண்டாம்.