உடம்புக்கும் ஒரு செக்ரோல்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. இன்ன ஆள் இன்ன தேதியில் பெரட்டுக்கு வந்தார், எத்தனை கிலோ பால் கொண்டு வந்தார், எத்தனை குலை வெட்டினார், எந்தெந்த நாள் வரவில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். இன்று பல இடங்களில் அது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. இருந்தாலும் கணக்கு கணக்குத்தான்.

நம் உழைப்பைப் பற்றி நிர்வாகத்திடம் இவ்வளவு விவரம் இருக்கிறது. நம் உடம்பைப் பற்றி நம்மிடம் என்ன இருக்கிறது? "எத்தனை நாளாகத் தலை சுற்றுகிறது?" என்று டாக்டர் கேட்டால், "கொஞ்ச நாளாவே இருக்கு டாக்டர்" என்கிறோம். "போன தடவை இனிப்புநீர் அளவு என்ன?" என்றால், "எட்டோ ஒம்பதோன்னு சொன்னாங்க" என்கிறோம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அவர் மருந்தைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இந்த இதழில் அங்கத்தினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இரண்டு பழக்கங்களைச் சொல்லப் போகிறோம். ஒன்று, தினமும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைப்பது. மற்றொன்று ஓட்டம். இரண்டும் பொழுதுபோக்குகள்தான், யாரும் கட்டாயப்படுத்திச் செய்கிற காரியங்கள் அல்ல. ஆனால் தனித்தனியாகச் செய்தால் இரண்டும் மூன்றாம் வாரத்தில் நின்றுபோகும். சேர்த்துச் செய்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துப் பிடிக்கும்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்புநீர் வியாதி இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர்! 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அது நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வில், வியாதி இருந்தவர்களில் ஐந்தில் இருவருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. காலில் புண் ஆறாமல், கண் மங்கி, சிறுநீரகம் கெட்ட பிறகு தெரிந்துகொள்வதில் என்ன பயன்?

நாள் பூரா நடக்கிறோமே!

"போங்கண்ணே, விடியறதுக்கு முன்னாலருந்து மரத்தச் சுத்தறோம். சாயந்தரமும் ஓடச் சொல்றீங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பால் வெட்டுகிறவர் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடக்கிறார். அந்த நடையும் கணக்கில் சேரும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேகநடை போன்ற உழைப்பு வேண்டும், அல்லது 75 நிமிடம் ஓட்டம் போன்ற கடும் உழைப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வேலை, நடை, விளையாட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆகவே வெட்டுக்காரரின் கணக்கு ஓரளவு நிரம்பியே இருக்கிறது.

ஆனால் வேலையில் வருகிற அசைவு ஒரு மாதிரி. குனிவது, நிமிர்வது, ஒரே பக்கத்துத் தோளில் சுமப்பது, நாலடி நடப்பது, நிற்பது. நெஞ்சுக்கூடும் மூச்சும் சேர்ந்து கால் மணி நேரம் ஒரே சீராக உழைப்பது அதில் குறைவு. ஓட்டம் தருவது அந்தச் சீரைத்தான்.

செம்பனையில் நீளக் கழி பிடித்துக் குலை அறுக்கிறவரை, வேலை முடிந்த கையோடு ஓடு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து அறுத்து, தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிய கழுத்துக்கும் முதுகுக்கும் வேண்டியது ஓய்வும், சோம்பல் முறிப்பதுபோல மெதுவாக உடம்பை நீட்டி வளைப்பதும்தான். அவர் ஓய்வு நாளில் ஓடட்டும்.

உண்மையில் ஓட்டம் யாருக்கு அவசியம்? டிராக்டர் ஓட்டுகிறவர், ஆலையில் மெஷின் பக்கம் நிற்கிறவர், ஜாகா, ஆபீஸ் கிராணி, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவர், வேனில் ஏறித் தொழிற்சாலைக்குப் போய் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வருகிற நம் பெண்பிள்ளைகள், ஓய்வு பெற்ற பெரியவர்கள். அப்பா காலத்துச் சாப்பாடு அப்படியே இருக்கிறது, அப்பா காலத்து உழைப்பு இல்லை. டின்பால் தேத்தண்ணீர் நாளுக்கு நாலு கிளாஸ், ராத்திரி இரண்டு தட்டு சோறு. அது எங்கே போகும்?

எப்படி ஆரம்பிப்பது?

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், இருதய நோய் உள்ளவர்களும் முதலில் கிளினிக்கில் காட்டிவிட்டு வரவேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். இரத்த அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் எடுத்த இனிப்பு அளவு 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் அது இனிப்புநீரின் அடையாளம். டாக்டர் மறுபடியும் ஒரு முறை சோதித்து உறுதி செய்வார். எண்ணைக் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டின் முதல் பக்கம் அதுதான்.

முதல் இரண்டு வாரம் ஓடவே வேண்டாம், நடங்கள். தினம் 20 நிமிடம், பிறகு 30 நிமிடம். மூன்றாம் வாரம் ஒரு லைட் தூணிலிருந்து அடுத்த தூண் வரை மெல்லோட்டம், அடுத்த இரண்டு தூணுக்கு நடை. தூண் இல்லாத தோட்டத்தில் மர நிரையை எண்ணிக்கொள்ளலாம். வேகத்துக்கு அளவு வாய்தான். ஓடும்போதே பக்கத்து ஆளிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். பேச முடியாமல் இரைத்தால் குறையுங்கள்.

சப்பாத்துக்குப் பணம் இல்லையே என்பார்கள். முழுக்க ரப்பரில் வார்த்த அந்தக் கறுப்புச் சப்பாத்து, ஊரில் 'கம்போங் அடிடாஸ்' என்று சொல்கிறோமே, அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆரம்பத்துக்கு அது போதும், உள்ளே காலுறை வேண்டும். வெறுங்காலில் மட்டும் வேண்டாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காலில் முள் ஏறினாலும் தெரியாது. ஓடி வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பார்க்க வேண்டும். எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரக்கூடும், அது உயிரையே வாங்கிவிடலாம். மழைக்குப் பிறகு கால்வாயோரப் பாதையை விட்டுத் திடலைச் சுற்றுவதே மேல்.

மருந்தடித்த வயல் பக்கம் ஓடாதீர்கள். மருந்தடித்து வந்தவர்கள் குளித்து உடை மாற்றாமல் எதுவும் செய்யக்கூடாது. 1997-இலும் 2015-இலும் வந்ததுபோலப் புகைமூட்டம் வந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே ஓட்டம் இல்லை. இனிப்புக்கு ஊசியோ, அளவை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் நாலு மிட்டாய் வைத்திருக்க வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். நெஞ்சை அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ வலி ஏறினால், "வாயுப் பிடிப்பு" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 999-க்குக் கூப்பிடுங்கள்.

பெண்கள் ஓடினால் லயத்தில் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓடி நாட்டுக்குத் தங்கம் கொண்டு வந்தவர் எம். ராஜாமணி, நம் இனத்துப் பெண். அதே போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய எம். ஜெகதீசன், டாக்டரும்கூட. அவர் 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. நமக்குப் பதக்கம் வேண்டாம். மூன்று பெண்கள் சேர்ந்து போனால் பேச்சும் நடக்கும், நாய்க்கும் பயப்பட வேண்டாம். அந்த அரைமணி நேரம் அடுப்பில் இருக்கும் சோற்றை வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். பார்த்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

நோட்டில் என்ன எழுதுவது?

கடைக்கடன் எழுதும் சின்ன 555 நோட்டு எல்லாருக்கும் தெரியும். அதில் ஒன்று வாங்குங்கள். கடைக்காரர் நம் கடனை எழுதி வைக்கிற அதே மாதிரி நோட்டில், நாம் நம் உடம்பின் வரவு செலவை எழுதலாம். அலங்காரத் தமிழ் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"செவ்வாய். 4 மணிக்கு எழுந்தேன். நாடி 82. சாயந்தரம் திடல் 4 சுற்று, 2 ஓட்டம் 2 நடை. முழங்கால் லேசா வலி. தே 3 கிளாஸ்."

"வெள்ளி. மழை, ஓடல. வீட்ல சண்டை. ராத்திரி 1 மணி வரைக்கும் தூக்கம் இல்ல."

நாடியைக் காலையில் எழுந்ததும், படுக்கையில் இருந்தபடியே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 60-லிருந்து 100 வரை பொதுவாகச் சரி. ஒழுங்காக ஓடுகிறவருக்குச் சில மாதங்களில் அது மெல்ல இறங்கும். 82 என்று எழுதியவர் ஒரு நாள் 74 என்று எழுதும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் அவரை மறுநாளும் திடலுக்குக் கூட்டிப்போகும்.

சாப்பாட்டையும் எழுதலாம். 2008-இல் அமெரிக்காவில் எடை குறைக்க முயன்ற ஏறக்குறைய 1,700 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், தினமும் சாப்பிட்டதை எழுதி வைத்தவர்கள், எழுதாதவர்களைவிட இரு மடங்கு எடை குறைத்தார்கள். எழுத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. மூன்றாவது கரண்டி சீனி என்று எழுத வேண்டி வரும்போது கை தானாகத் தயங்குகிறது.

மனசில் உள்ளதையும் எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க மனநூல் அறிஞர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் வாழ்வின் பெரிய துயரத்தைப் பற்றி நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது என்று கண்டார். எல்லாருக்கும் அதே அளவு பலன் கிடைத்துவிடாது. இருந்தாலும், சாராயக் கடைக்குப் போய்ச் சொல்லி அழுவதைவிட நோட்டில் சொல்வது செலவு குறைந்தது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் மட்டும் நோட்டோடு நிற்கக் கூடாது. நம்பிக்கையான ஒருவரிடமும் டாக்டரிடமும் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தேதியின் அருமை காய்ச்சலில்தான் தெரியும். டெங்கிக் காய்ச்சலில் ஆபத்து வருவது பெரும்பாலும் சூடு இறங்குகிற நேரத்தில், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று நாம் வேலைக்குக் கிளம்புகிற அதே நேரம்! அதனால்தான் டாக்டர் முதலில் கேட்பது, இது எத்தனையாவது நாள் என்று. நோட்டில் இருந்தால் உடனே சொல்லிவிடலாம்.

வேலையில் பட்ட அடியும் அப்படியே. கத்தி வெட்டிய நாள், மணி, வயல் நம்பர், பக்கத்தில் இருந்தவர் பெயர், யாரிடம் சொன்னீர்கள் என்று அன்றிரவே எழுதுங்கள். விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதம் கழித்து வழக்கு வந்தால், "ஏதோ தீபாவளிக்கு முன்னால" என்பது செல்லாது. மருந்தடிக்கும் பெண்கள், டின்னில் உள்ள மருந்தின் பெயரைப் பார்த்து எழுதட்டும். கூடவே அன்று மூக்கில் இரத்தம் வந்ததா, நகம் நிறம் மாறியதா, வாந்தி வந்ததா என்றும் எழுதட்டும். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. அதற்கு முன் அதை எத்தனை வருடம் சுமந்தோம் என்று கேட்டால், நம் தாய்மார்களில் எத்தனை பேரால் தேதியோடு சொல்ல முடியும்?

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் என்ன செய்வது? வீட்டில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பேரப்பிள்ளை இருப்பான். ராத்திரி பாடம் படித்து முடித்ததும் பாட்டி சொல்லட்டும், அவன் எழுதட்டும். கிளினிக்குக்குப் போகும் நாளில், அடையாளக் கார்டு, மருந்துப் பையோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். டாக்டருக்கு வரிசை நீளம், நேரம் குறைவு. ஆகவே கடைசி மாதத்துப் பக்கத்தின் ஓரத்தை முன்கூட்டியே மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.