இரு கண்கள் எனும் நிஃமத்



நம்மில் சிலர் வீட்டுச் சுவரில் ஒரு படம் இருக்கும். ஒரு பக்கம் நின்று பார்த்தால் கஃபா தெரியும். சற்று நகர்ந்தால் மதீனாவின் பச்சைக் குப்பா தெரியும். நகத்தால் தடவினால் வரிவரியாகத் தட்டுப்படும். தட்டைத் திரையில் ஆழம் காட்டும் நுட்பமும் அந்த வரிகளில்தான் இருக்கிறது.

நம் கண்கள் இரண்டும் சுமார் 6 செ.மீ. இடைவெளியில் உள்ளன. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபட்ட காட்சியைக் காண்கிறது. மூளை இரண்டையும் இணைத்து, எது அருகில், எது தொலைவில் என்று அறிகிறது. இரு கண் பார்வை ஒன்றாவதை, பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஆராய்ந்தார். அந்தச் சிறு வேறுபாடே ஆழத்தை உணர்த்துகிறது என்பதை 1838ல் இங்கிலாந்தின் வீட்ஸ்டன் சோதனை செய்து காட்டினார்.

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2007ல் டி.வி. தயாரிப்பு தொடங்கியது. சாதாரண டி.வி. திரையில் இரு கண்களுக்கும் ஒரே படம்தான் போகும். அதன்மேல் மெல்லிய லென்ஸ் வரிகளைப் பொருத்தினால், ஒரு வரிசைப் புள்ளிகளின் ஒளி வலக்கண்ணுக்கும் அடுத்த வரிசையின் ஒளி இடக்கண்ணுக்கும் பிரிந்து செல்லும். தனிக் கண்ணாடி அணியாமலே ஆழம் தெரியும். ஆனால் புள்ளிகள் இரண்டாகப் பங்கிடப்படுவதால் கூர்மை குறையும். சரியான இடத்தில் இருந்து பார்க்கவும் வேண்டும்.

இதில் பெற்றோருக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு கண் பலவீனமான குழந்தைக்கு இந்த ஆழம் சரியாகத் தெரியாது. மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். இதைச் 'சோம்பல் கண்' என்பார்கள். மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை குறை சொல்லாது. விளையாட்டுப் போல ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அழுதாலோ, கையைத் தட்டிவிட்டாலோ தாமதிக்காதீர்கள். இதில் குறை தெரியாவிட்டாலும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்தும் சரிசெய்வார்கள். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். 1819ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மனிதனுக்கு இரு கண்களை அளித்ததை அல்லாஹ் சூரத்துல் பலதில் நினைவூட்டுகிறான். அந்த அமானிதத்தைப் பேணுவதும் ஷுக்ரே. நம் பிள்ளைகளின் பார்வையை அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.