தேசிமரத்தின் அடியைப் பாருங்கள்

கிணற்றடியில் நிற்கும் தேசிமரத்தின் இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நம்மில் பலர் செய்வது ஒன்றே. அடியில் மண்ணைக் குவித்து, யூரியா போட்டு, தண்ணீரை நிறைய விடுவோம். சிலவேளை மரம் என்றுமில்லாதபடி பூத்துக் காய்க்கும். பசளையின் பலன் என்று மகிழ்வோம். பின்னர் கொப்புகள் நுனியிலிருந்து காயும்போதுதான், அது சாகும் மரத்தின் கடைசிக் காய்ப்பு என்பது விளங்கும்.

மஞ்சளெல்லாம் ஒரே மஞ்சள் அல்ல. இளம் இலையில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இது சாதாரணம். நடுநரம்பே முதலில் மஞ்சளித்தால் இலையை விட்டுவிட்டு அடிமரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பட்டை வெடித்துப் பிசின் வடிந்திருக்கும். மழை இந்தப் பிசினைக் கரைத்துவிடும். ஆகவே காய்ந்த நாளில் பாருங்கள். பட்டையைக் கத்தியால் சிறிது சுரண்டினால் உள்ளே கபிலநிறமாக இருக்கும். இதுவே அடியழுகல் நோய். இதற்குக் காரணமான பைற்றோப்தோரா என்னும் நுண்ணுயிரின் வித்திகள் ஈரமண்ணில் நீந்திச் செல்லக்கூடியவை. நாம் அன்போடு விட்ட தண்ணீரே அவற்றுக்கு வழி.

சுற்றளவில் பாதிக்குமேல் அழுகியிருந்தால் மரத்தைத் தறித்து வேரோடு அகற்றுவதே நல்லது. குறைவாயின் காப்பாற்றலாம். குவித்த மண்ணை, முதல் வேர்கள் தெரியும்வரை விலக்குங்கள். அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை செதுக்கி, செதுக்கியதை எரித்துவிடுங்கள். காயத்தைக் காயவிட்டுப் போடோப் பசை பூசுங்கள். பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் 1885 அளவில் அறிமுகமான இந்த மருந்துக்கு இன்றும் மதிப்புண்டு. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லீற்றர் நீரிலும், 100 கிராம் நீறாத சுண்ணாம்பை வேறாக அரை லீற்றர் நீரிலும் கரைத்து ஒன்றாக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்ரிக் பாத்திரமே ஏற்றது. இரும்பு வாளி கூடாது. தீட்டிய கத்தியைத் தோய்த்தால் செம்புநிறம் படிகிறதா? இன்னும் சிறிது சுண்ணாம்பு சேருங்கள். தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் பூசலாம். மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், மிச்சத்தைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

பசை பூசிவிட்டுப் பழையபடி தண்ணீர் விட்டால் பயனில்லை. அடிமரத்திலிருந்து ஒன்றரையடி தள்ளிச் சிறு வரம்பு கட்டி, அதற்கு வெளியே மட்டும் நீர் பாய்ச்சுங்கள். மழைநீர் உள்ளே தேங்கினால் வரம்பை ஓரிடத்தில் வெட்டிவிட வேண்டும். குளிக்கும் தண்ணீர் ஓடிவரும் வாய்க்காலையும் வேறுபக்கம் திருப்புங்கள்.

தறித்த மரத்தின் குழியிலேயே மறுபடி தேசியோ தோடையோ நட வேண்டாம். வேறிடத்தில், ஒட்டிய இடம் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி நடுங்கள்.