மெதுவாக ஓடத் தெரிந்த இயந்திரம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கத்தியும் கடிதமும் ஒரே பொட்டலத்தில் வந்து சேர்ந்தன. கத்தியைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன். அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து முடித்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. பிடியிலிருந்து முக்கால்வாசி தூரம் சரிவு சீராக வருகிறது. முனைக்கு இரண்டு அங்குலம் இருக்கும்போது கொஞ்சம் தடுமாறி, மறுபடி நேராகிறது. அந்த இடத்தில் கை அசந்திருக்கிறது. அசந்தது தெரிந்து நீ திருத்தியும் இருக்கிறாய். அரத்தை வைத்தே நான்கு கத்தி முடித்தவன் பெல்ட்டில் தேய்க்கிற இயந்திரம் வாங்கலாம். தயங்காதே.

'எத்தனை எச்.பி. வாங்கட்டும், எந்த மாடல் நல்லது?' என்று கேட்டிருக்கிறாய். கடைக்காரரிடம் நீ முதலில் கேட்கவேண்டியது வேறு. 'இந்த மெஷின் எவ்வளவு மெதுவாக ஓடும்?' என்று கேள். அவர் விழித்தால் அடுத்த கடைக்குப் போ.

நான் அப்படிக் கேட்காமல் வாங்கியவன். என் முதல் இயந்திரம் மரவேலைக்கென்று விற்பது. 4 அங்குல அகலம், 36 அங்குல நீளத்தில் பெல்ட், ஒரே வேகம். ஒரு சமையலறைக் கத்தியை அதில் ஆறு நாள் செய்தேன். இ.என்.31 எஃகு, அதாவது பேரிங் செய்கிற எஃகு. சூடேற்றி எண்ணெயில் முக்கி, அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு முறை பதப்படுத்தி, கடைசிச் சரிவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முனைக்குப் போனபோது மயில் கழுத்து நிறத்தில் ஒரு கீற்று ஓடியது. நகக்கண் அளவுதான். அடுத்த நொடி பெல்ட் அதையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டது. பார்ப்பவர் யாருக்கும் அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. ஆனால் அந்த முனை போய்விட்டது. வெங்காயம் நறுக்கிய மூன்றாம் நாளே அது மடங்கியது.

ஏன் என்று சொல்கிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பதம் வைத்த எஃகு, பதம் வைத்த சூட்டைத் தாண்டாதவரைதான் அந்தப் பதத்தில் இருக்கும். 200 டிகிரியைக் கடந்தால் வெளிறிய மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரியை ஒட்டி நீலம் என்று எஃகின் மேல் நிறம் ஏறும். நீலம் வந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டது என்று வைத்துக்கொள். கத்தியின் முதுகு தடிமன். அங்கே பிறக்கிற சூடு பரவ இடமிருக்கிறது. வாயும் முனையும் தாள் போல மெலிந்தவை. சூடு போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். 'விரலில் சுட்டால் தண்ணீரில் முக்கு' என்று எல்லோரும் சொல்வார்கள். விரல் இருப்பது கத்தியின் உடம்பில். விரலுக்குச் சேதி வருவதற்குள் முனை கருகியிருக்கும்.

அதனால் நான் விரலை நம்புவதில்லை, தண்ணீரை நம்புகிறேன். கத்தியை வாளியில் முக்கி எடுத்ததும் துடைக்காமல் அப்படியே பெல்ட்டில் வை. வாயோரம் முத்து முத்தாக நீர் நிற்கும். அந்த முத்துகள் நிற்கிறவரை எஃகு நூறு டிகிரியைத் தாண்டவில்லை. ஒன்று துள்ளினால், சட்டென்று சுருங்கினால், கையை எடு. மறுபடி முக்கு. ஒரு கத்திக்கு இருநூறு தடவை முக்குவேன். அதில் அவசரப்பட ஒன்றுமில்லை.

இப்போது வேகக் கணக்கு. மோட்டார் அச்சில் மாட்டுகிற சக்கரத்தின் சுற்றளவை மோட்டாரின் ஆர்.பி.எம்.மால் பெருக்கினால், பெல்ட் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று வரும். 150 மி.மீ. சக்கரம், 1440 ஆர்.பி.எம். மோட்டார் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 680 மீட்டர். அதே சக்கரத்தை 2880 மோட்டாரில் போட்டால் 1350 மீட்டருக்கு மேல். பதம் வைப்பதற்கு முன்னால் எஃகை முரட்டுத்தனமாகக் குறைக்க அந்த வேகம் சுகமாக இருக்கும். பதம் வைத்த பிறகு, 220, 400 கிரிட் போட்டு முடிக்கும்போது எனக்கு 200, 300 மீட்டர் போதும். சக்கரத்தை மாற்றி மாற்றி இந்த வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது. த்ரீ ஃபேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி. டிரைவும்தான் வழி. டிரைவின் குமிழைத் திருப்பினால் 50 ஹெர்ட்ஸ் 15 ஆகும். மோட்டாரும் அதற்கேற்ப அடங்கும்.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தானே இருக்கிறது என்று கவலைப்படாதே. சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகக் கொடுக்கிற டிரைவ் கிடைக்கிறது. ஆனால் அது வெளியே தருவது 230 வோல்ட்தான். நம் பக்கம் விற்கிற சின்ன மோட்டார்களில் பல 415 வோல்ட்டுக்கு உள்ளேயே ஸ்டார் கட்டி, மூன்றே ஒயரை வெளியே விட்டிருப்பார்கள். அப்படி ஒன்றை விவரம் தெரியாமல் வாங்கி வந்து மாட்டினேன். ஓடியது, ஆனால் கத்தியை அழுத்தினால் நின்றது. மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நீ வாங்கும்போது டெர்மினல் பெட்டியைத் திறந்து காட்டச் சொல். ஆறு முனை இருக்கவேண்டும். பெயர்த்தகட்டில் டெல்டாவுக்கு நேராக 230 அல்லது 220 என்று எழுதியிருக்கவேண்டும். மோட்டார் முழுக்க மூடியதாக இருக்கட்டும். டிரைவை மெஷினிலிருந்து தள்ளி, மூடிய பெட்டிக்குள் வை. எஃகுத் தூசியில் மின்சாரம் பாயும். திறந்து வைத்த டிரைவ் அதிக நாள் தாங்காது. குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த மின்விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், ஆகையால் நடுநடுவே மோட்டாரைத் தொட்டுப் பார்.

எச்.பி. கேட்டாயே: சமையலறைக் கத்திக்கு ஒன்றரை போதும், இரண்டு இருந்தால் நல்லது. ஏ.சி.க்குப் போடுகிற 16 ஆம்பியர் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். உனக்குத் திருப்பாச்சேத்தி பக்கம்தான். அங்கே அரிவாள் பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார். வாய்ப் பக்கத்தைச் சம்மட்டியாலேயே மெலிய இழுத்துவிட்டால், பிறகு தேய்த்துத் தள்ளவேண்டிய எஃகு எவ்வளவு குறைகிறது என்று கண்ணால் பார்ப்பாய். அடித்து மெலிக்கக் கற்றவனுக்குப் பெரிய மோட்டார் தேவைப்படாது.

அடுத்தது பெல்ட் அளவு. இயந்திரத்தை ஒரு தடவை வாங்குவாய். பெல்ட்டை வாழ்நாள் முழுக்க வாங்குவாய். 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம் என்பது அமெரிக்கக் கத்தித் தொழிலாளர்களிடம் நிலைத்து, இப்போது எங்கும் பரவிவிட்ட அளவு. 1 அங்குலத்துக்கு 30 அங்குலம் என்று மேசைமேல் வைக்கிற சின்ன மெஷினும் விற்கிறது. கத்தி தீட்ட நல்லது, செய்ய அல்ல. சின்ன பெல்ட்டின் பரப்பு 30 சதுர அங்குலம், பெரியதன் பரப்பு 144. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு மணல் எஃகில் உழைக்கிறது. நீண்ட பெல்ட்டில் ஒரு மணல் எஃகைக் கடித்துவிட்டுத் திரும்பி வர அதிக தூரம். அதற்குள் கொஞ்சம் ஆறிவிடும். எல்லா வகை மணலும் எல்லா கிரிட்டும் இந்த அளவில் கிடைப்பது இன்னொரு வசதி. விசித்திரமான நீளம் கொண்ட மெஷினை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ரோலிலிருந்து வெட்டி ஜாயிண்ட் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜாயிண்ட் தடித்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் டக், டக் என்று கத்தியில் இடிக்கும், சரிவில் அலை விழும்.

முரட்டு வேலைக்கு 36, 60 கிரிட்டில் செராமிக் பெல்ட் வாங்கு. விலை கூடுதல்தான். ஆனால் அந்த மணல் அழுத்தினால்தான் உடைந்து புதுக்கூர் காட்டும். பயந்து பயந்து தடவினால் மழுங்கி மினுமினுக்கும். மழுங்கிய பெல்ட் எஃகை வெட்டாது, உரசிச் சூடாக்கும். நான் கருக்கிய கத்திகளில் பெரும்பாலானவை பெல்ட்டை மாற்ற மனம் வராமல் கருகியவை. கையிலிருக்கும் பணத்தில் நாலில் ஒரு பங்கைப் பெல்ட்டுக்கென்று இப்போதே எடுத்து வைத்துவிடு.

கடைக்குப் போகும்போது ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல் கொண்டு போ. பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிற தட்டையான தகட்டின் மேல், பிளேட்டன் என்பார்கள், ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார். குறுக்கும் நெடுக்கும் வெளிச்சம் கசியக்கூடாது. தகடு குழிந்திருந்தால் உன் சரிவும் தட்டையாக வராது, நீ உன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாய். பிறகு பெல்ட்டை மாட்டி ஓடவிட்டு, ஒரு எம்.எஸ்., அதாவது மென் எஃகுப் பட்டையைப் பலமாக அழுத்து. பெல்ட் பக்கவாட்டில் அலைந்தால் மேல் சக்கரத்தைத் தாங்குகிற கை தளர்ந்திருக்கிறது. டிராக்கிங் திருகைக் கால் சுற்று திருப்பினால் பெல்ட் நகர்ந்து, விட்ட இடத்தில் நிற்கவேண்டும். திருப்பித் திருப்பிப் பிடிக்கவேண்டியிருந்தால் வேண்டாம். பெரிய கான்டாக்ட் வீல், குட்டி வீல் செட், சாய்கிற தலை எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அவற்றை மாட்ட இடம் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்.

லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த நண்பன் இருந்தால் நீயே செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறாய். எங்கள் கோயம்புத்தூரில் வீதிக்கு ஒரு லேத் இருப்பதால் பலர் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் சக்கரங்களை மட்டும் துல்லியமாகக் கடைந்து வாங்கு. மேல் சக்கரத்தின் நடு கொஞ்சம் உப்பியிருந்தால்தான் பெல்ட் நடுவில் நிற்கும். மையம் ஒரு மயிரிழை தப்பினாலும் மெஷின் முழுக்க அதிரும்.

முகமூடி வாங்காமல் மெஷினை ஆன் பண்ணாதே. கைக்குட்டை கட்டினால் போதாது. அந்தத் தூசி துணிக்குள் புகுந்து போகும். ரப்பர் முகமூடி, இரண்டு பக்கமும் பி100 வடிகட்டி, முகத்தோடு ஒட்டி உட்காரவேண்டும். தாடி வைத்திருந்தால் ஒட்டாது. பிடிக்கு ஈட்டி மரம் தேய்க்கிற நாளில் இது இன்னும் முக்கியம். அந்தத் தூள் சிலருக்குத் தோலையும் மூச்சையும் வாட்டும். பெல்ட்டுக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர் வை, பொறி அதில் விழட்டும். மரத்தூள் குவிந்த இடத்தில் எஃகைத் தேய்க்காதே. கையுறை வேண்டாம், தோள் துண்டு வேண்டாம், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றையும் அவிழ்த்து வைத்துவிடு. முனையை ஓடிவரும் பெல்ட்டுக்கு எதிரே நீட்டாதே. கவ்வினால் கத்தி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது.

மெஷின் வந்த அன்று கத்திக்கான எஃகை எடுக்காதே. பழைய இரும்புக் கடையில் மூன்று மி.மீ. எம்.எஸ். பட்டை பத்துத் துண்டு வாங்கு, ஒவ்வொன்றும் ஒரு சாண். ஒரு ஓரத்தின் நடுவில் கோடு இழு. டிரைவை 20 ஹெர்ட்ஸில் வைத்து, 60 கிரிட்டில், இரண்டு பக்கமும் அந்தக் கோடுவரை சரிவு கொண்டுவா. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து நகர். கையால் இழுத்தால் முனையில் தடுமாறுவாய், நீ அனுப்பிய கத்தியில் தடுமாறினாயே, அதே இடத்தில்.

பத்தாவது துண்டை எனக்கு அனுப்பு. மெருகேற்றவேண்டாம், 60 கிரிட் கோடுகள் அப்படியே இருக்கட்டும். உன் கை எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று அதில்தான் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் அண்ணன்