தாய்-சேய் நலத்தில் சேவைச் சங்கங்களின் அயல்நாட்டு உதவி

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில் தோப்பும்படிக்குத் தெற்கே அமைந்துள்ள பள்ளுருத்தி, 1967-ஆம் ஆண்டு கொச்சி மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்ட ஊராட்சிகளுள் ஒன்றாகும். காயலை அடுத்த தாழ்நிலம். மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதி. முற்காலத்தில் இத்தகைய ஊர்களில் பிரசவம் வீட்டிலேயே, 'வயற்றாட்டி' என மலையாளத்தில் அழைக்கப்பட்ட மருத்துவச்சியின் கையில் நடைபெற்றது. இன்று நிலைமை முற்றிலும் வேறு. அண்டையிலுள்ள மட்டாஞ்சேரியில் அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இயங்குகிறது. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கேரளத்தில் 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. நாடு முழுமைக்கும் இது 88.6 சதவீதம். எனவே பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் டெட்டனஸ் எனும் ரண ஜன்னியைப் பற்றி இப்பகுதித் தாய்மார்கள் கவலைப்பட வேண்டிய தேவை பெரிதும் நீங்கிவிட்டது.

இதே நோயைப் பிற நாடுகளிலும் அகற்றுவதற்கென, அமெரிக்காவில் தலைமையகம் கொண்ட கிவானிஸ் எனும் சேவைச் சங்கம் 2010-ஆம் ஆண்டு 11 கோடி டாலர் திரட்ட முன்வந்தது. அயல்நாட்டு நன்கொடையால் எது கைகூடும், எது கைகூடாது என்பதை ஆராய்வதற்கு இம்முயற்சி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சங்கங்களின் தோற்றம்

சேவைச் சங்கங்கள் வணிகர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் தத்தம் நகரங்களில் கூடிப் பழகவும் நற்பணி ஆற்றவும் ஏற்படுத்திக்கொண்ட அமைப்புகளாகும். ரோட்டரி 1905-இல் சிகாகோவிலும், கிவானிஸ் 1915-இல் டெட்ராய்ட்டிலும் தோன்றின; அரிமா சங்கம் 1917-இல் உருவாயிற்று. உள்ளூர்ப் பள்ளிக்கு நாற்காலி, மருத்துவமனைக்குப் படுக்கை என்ற அளவிலேயே தொடக்க காலப் பணிகள் அமைந்தன. 1979-இல் ரோட்டரி, பிலிப்பைன்ஸ் நாட்டின் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து அளிக்கும் ஐந்தாண்டுப் பொறுப்பை ஏற்றது. ஒரு நோய், ஒரு மருந்து, ஒரு கால வரையறை என்ற புதிய முறை இதிலிருந்து வலுப்பெற்றது. கிவானிஸ் சங்கமும் 1990-களில் யூனிசெஃப் நிறுவனத்துடன் இணைந்து அயோடின் குறைபாட்டைப் போக்கும் பணிக்கு நிதி திரட்டியது. ரண ஜன்னித் திட்டம் அதற்கு அடுத்தது. தாய்மாரின் நலம் பற்றி இவ்வளவு பேசும் இச்சங்கங்களுள் முதன்மையானவை 1987 வரையில் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை என்பதையும் இங்குக் கூறாமலிருக்க இயலாது.

நோயின் இயல்பு

நன்கொடையின் பயன் நோயின் இயல்பைப் பொறுத்தது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காணல் வேண்டும். ரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் கால்நடைகளின் குடலிலும் சாணத்திலும் வாழ்கின்றன. தூய்மையற்ற கத்தியாலோ மூங்கில் சிம்பாலோ தொப்புள்கொடியை வெட்டும்போதும், புண்ணின் மேல் சாணமோ சாம்பலோ பூசும்போதும் அவை உடலில் புகுகின்றன. பிறந்து முதல் இரண்டு நாள்கள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, பின்னர் வாயைத் திறக்க இயலாமல் பால் குடிப்பதை நிறுத்தி, உடல் விறைத்து வலிப்புக்குள்ளாகிறது. மருத்துவ வசதியற்ற இடங்களில் இந்நோய் கண்ட குழந்தைகள் பிழைப்பது அரிது.

தடுப்பு முறையோ மிக எளியது. தாய்க்குத் தடுப்பூசி போட்டால் அவள் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் கருவிலுள்ள குழந்தைக்கும் செல்கிறது. தூய்மையான கை, தூய்மையான தரை, தூய்மையான கத்தி, தூய்மையான நூல், எதுவும் பூசப்படாத தொப்புள் ஆகியவை மற்றொரு காப்பு.

இங்குப் பொருளாதார மாணவர்கள் கவனிக்கத்தக்க கருத்து ஒன்றுண்டு. தட்டம்மை போன்ற நோய்களில், பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால் கிருமி பரவ வழியின்றிப் போவதால், போடாத சிலரும் காக்கப்படுகின்றனர். ஒருவர் பெறும் நன்மை அடுத்தவருக்கும் வழிந்து செல்கிறது. ரண ஜன்னி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதன்று. எனவே வழிந்து செல்லும் நன்மை ஏதுமில்லை. நூறு பெண்களில் தொண்ணூற்றைந்து பேர் ஊசி பெற்றாலும் எஞ்சிய ஐவருக்கு அதனால் கடுகளவும் பாதுகாப்பு கிட்டாது. அந்த ஐவரோ சாலையற்ற மலையிலும், போர் நடக்கும் எல்லையிலும், ஊர் ஊராக நகரும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாழ்பவர்கள். அவர்களை அடைவதற்கான செலவு முதல் தொண்ணூற்றைவருக்கு ஆன செலவைவிடப் பன்மடங்கு அதிகம்.

ஒரு டாலர் எண்பது சென்ட்

ஒரு பெண்ணுக்கு மூன்று ஊசிகளும், அவற்றைப் போடும் கருவிகளும், குளிர்நிலைச் சேமிப்பும், போக்குவரத்தும் சேர்த்து ஏறத்தாழ 1.80 டாலர் போதும் எனக் கிவானிஸ் தன் உறுப்பினர்களுக்கு எடுத்துரைத்தது. 11 கோடி டாலரை இத்தொகையால் வகுத்தால் சுமார் 6.1 கோடி பெண்கள் எனக் கணக்காகும். நன்கொடையாளரின் உள்ளத்தைத் தொடும் எளிய கணக்கு இது. ஆயினும் இது சராசரிச் செலவு. கடைசிப் பெண்ணை அடையும் செலவு அன்று.

மேலும், மூன்று ஊசிகள் அளிக்கும் காப்பு குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கே. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி நான்காவது ஊசி பத்து ஆண்டுகளுக்கும், ஐந்தாவது ஊசி கருவுறும் வயது முழுமைக்கும் காப்பளிக்கும். அதாவது, நன்கொடை வாங்கித் தந்தது சில ஆண்டுக் கால அவகாசமே. அந்த அவகாசத்திற்குள் அந்நாட்டின் அரசு தனது வழக்கமான தடுப்பூசிப் பணியையும் பிரசவ வசதியையும் நிறுவிக்கொள்ளாவிடில், அடுத்த தலைமுறைப் பெண்கள் பழைய நிலையிலேயே நிற்பர். பெரியம்மை ஒழிந்ததும் ஊசியை நிறுத்தினோம். இளம்பிள்ளைவாதத்திலும் அத்தகைய நாளை எதிர்நோக்கலாம். மண்ணில் வாழும் கிருமிக்கு அத்தகைய நாள் வரப்போவதில்லை. இதனால்தான் இங்கு 'அடியோடு ஒழித்தல்' என்று கூறாமல், ஒவ்வொரு மாவட்டத்திலும் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்றுக்கும் குறைவாக நோயைக் கட்டுப்படுத்துவதையே இலக்காக வைத்துள்ளனர்.

இந்த இலக்கும் எளிதில் எட்டவில்லை. 1989-இல் உலக சுகாதாரப் பேரவை, 1995-க்குள் இதனை அடைய வேண்டுமெனத் தீர்மானித்தது. அந்த ஆண்டும், பின்னர் குறிக்கப்பட்ட ஆண்டுகளும் கடந்து சென்றன. எனினும் முன்னேற்றம் சிறிதன்று. 1988-இல் 7,87,000 பச்சிளங் குழந்தைகள் இந்நோயால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. 2008-இல் இது 59,000 ஆகவும், 2018-இல் 25,000 ஆகவும் குறைந்தது.

பணத்தால் வாங்க இயலாதது

கென்யாவில் 2014-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அதிகாரிகள் ஊன்றி நோக்குதல் நன்று. கருவுறும் வயதுப் பெண்களுக்கு மட்டும் ரண ஜன்னி ஊசி போடும் இயக்கம் அங்கு நடைபெற்றபோது, அவ்வூசியில் கருத்தடை மருந்து கலந்துள்ளதாகக் கத்தோலிக்க ஆயர்கள் குற்றஞ்சாட்டினர். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் அதனை மறுத்தன. ஆண்களை விடுத்துப் பெண்களுக்கு மட்டும், அதுவும் குறுகிய காலத்தில், வெளியிலிருந்து வந்தோர் ஊசி போட்டால் ஐயம் எழுவது வியப்பன்று. வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனையில், முகமறிந்த செவிலியர் போடும் ஊசிக்கு இத்தகைய ஐயம் எழுவது குறைவு. நம்பிக்கை என்பது ஆண்டுக் கணக்கில் சேரும் மூலதனம். அயல்நாட்டிலிருந்து காசோலையாக அதனை அனுப்ப இயலாது.

இந்தியாவின் அனுபவம் இதனையே உறுதிப்படுத்துகிறது. சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை ஆண்டுதோறும் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பச்சிளங் குழந்தைகள் நம் நாட்டில் இந்நோய்க்கு ஆளாயினர். 1985-இல் தொடங்கப்பட்ட அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும், 2005-இல் தொடங்கப்பட்ட ஜனனி சுரக்ஷா திட்டமும், ஆஷா பணியாளர்களின் உழைப்பும் சேர்ந்தே நிலைமையை மாற்றின. மாநிலம் மாநிலமாக நோய் அகன்று, 2015-இல் நாடு முழுவதும் இலக்கை எட்டியது உறுதி செய்யப்பட்டது. ஊசி மருந்தையும் நாமே உற்பத்தி செய்தோம். புனே, ஐதராபாத் நகரங்களின் தனியார் ஆலைகள் இம்மருந்தை அயல்நாடுகளுக்கும் அனுப்புகின்றன. மேலைநாட்டு நன்கொடையாளர் அளிக்கும் டாலரில் ஒரு பகுதி இவ்வழியே இந்தியாவுக்கு வந்து, மருந்தாகி, ஆப்பிரிக்காவுக்குச் செல்லக்கூடும்.

இவற்றால் சங்கங்களின் பணி வீண் எனக் கொள்ளுதல் தவறு. அரசின் கவனம் எட்டாத, வாக்குவலிமையும் இல்லாத பெண்களின் பக்கம் உலகின் பார்வையைத் திருப்பியதே அவற்றின் பெரும்பணி. ஆனால் உதவியை ஏற்கும் அரசு, முதல் நாளிலேயே ஒரு வினாவுக்கு எழுத்தில் விடை காண வேண்டும்: நன்கொடை நின்ற ஆண்டில் இச்செலவு எந்தத் தலைப்பின் கீழ் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறும்?

இந்தியா இதற்குக் கண்டுள்ள விடை, ஊசியைப் பெண்ணின் வாழ்நாள் முழுவதிலும் பகிர்ந்தளிப்பதாகும். குழந்தைப் பருவத்தில் ஐந்து தவணைகள், பத்தாம் வயதிலும் பதினாறாம் வயதிலும் ஒவ்வொரு தவணை, பின்னர் கர்ப்ப காலத்தில் தேவைக்கேற்ப என்பது இன்றைய அட்டவணை. ரண ஜன்னி மருந்துடன் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்த ஊசி இப்போது வழங்கப்படுகிறது. பள்ளுருத்தியிலேயே பிறந்து, அங்கேயே பள்ளி சென்ற பெண் கருவுறும் முன்பே ஏழு தவணைகளையும் பெற்றிருக்க வாய்ப்புண்டு. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தையும் கட்டுமானப் பணிகளையும் நாடி அசாம், ஒடிசா, வங்காளம், குமரிக் கடற்கரை ஆகிய இடங்களிலிருந்து வரும் குடும்பங்களின் நிலை வேறு. அக்குடும்பத்துப் பெண் எத்தனை தவணை பெற்றாள் என்பது அவள் கையிலுள்ள தாய்-சேய் பாதுகாப்பு அட்டையைப் பார்த்தே தெரிய வேண்டும். அட்டை சொந்த ஊரிலேயே தங்கிவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. கொச்சியின் சுகாதாரச் செவிலியர் அத்தகைய பெண்ணுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகளைப் போட வேண்டும். இரண்டாம் ஊசிக்குரிய நாளில் அவள் வேறு ஊருக்குச் சென்றிருந்தால், அங்குள்ள செவிலியர் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.