நடந்தால் மூட்டு தேயாது

"அம்பது தாண்டிருச்சுங்க. இனி நடந்தா மூட்டு தேஞ்சு போயிருமாமா."

காங்கேயத்தில் இந்தப் பேச்சு காதில் விழாத வாரம் எனக்கு இல்லை. அரிசி ஆலையில் கணக்கெழுதுபவர் சொல்கிறார். தேங்காய்க் களம் வைத்திருப்பவர் சொல்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், என் தொழில் இயன்முறை சிகிச்சை என்று தெரிந்த பிறகும், எனக்கே பாடம் நடத்துகிறார். "யாருங்க சொன்னது?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "எல்லாரும் சொல்றாங்க."

எல்லோரும் சொல்வதால் ஒன்று உண்மையாகிவிடாது. இந்த வதந்தி செய்திருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. இருநூறு அடி தூரத்துப் பால் சொசைட்டிக்கு எக்செல் வண்டியை முறுக்கிக்கொண்டு போகிறவர்களையும், மாடிப்படியைப் பார்த்தாலே பயப்படுகிற ஐம்பத்தைந்து வயதுப் பெண்களையும் உண்டாக்கியது இதுதான். அதனால் இந்தப் பத்தியில் பெரும்பகுதியை இதற்கே செலவழிக்கப் போகிறேன்.

வதந்தியின் வேர் ஓர் உவமையில் இருக்கிறது. வண்டி ஓட ஓட டயர் தேய்கிறது, அதுபோல நடக்க நடக்க முட்டி தேய்கிறது என்கிறார்கள். டயர் செத்த பொருள். முழங்காலுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ளது. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் சுரக்கும் திரவத்திலிருந்துதான் அது தன் உணவை எடுத்துக்கொள்ள வேண்டும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்குகிறது, தூக்கும்போது விரிகிறது. அமுங்கி விரியும் அந்த அசைவில்தான் திரவம் உள்ளே போய் வருகிறது. அசைவே இல்லாத மூட்டில் குருத்தெலும்பு மெலிகிறது. மூட்டைக் காப்பாற்றுகிறேன் என்று சோபாவில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பட்டினி போடுகிறார்.

அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வரும் மக்களை வைத்து 2007ல் ஓர் ஆய்வு வெளியானது. நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு, செய்யாதவர்களைவிட முழங்கால் தேய்மானம் கூடுதலாக வரவில்லை. உடல் எடை அதிகமுள்ளவர்களிடம்கூட அப்படித்தான். 2022ல் வந்த இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஐம்பது வயதைத் தாண்டிய, ஏற்கெனவே முழங்கால் தேய்மானம் உள்ள 1,212 பேரைப் பார்த்தார்கள். அடிக்கடி வலி இல்லாமல் இருந்தவர்களில், உடற்பயிற்சியாக நடந்தவர்களுக்குப் புதிதாகத் தொடர்வலி வரும் வாய்ப்பு நடக்காதவர்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. தேய்மானம் வந்த பிறகும் நடை உதவுகிறது என்பதே இதன் பொருள். ஓட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்களா? 2017ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைத் திரட்டிப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம் அது 10 சதவீதத்தைத் தாண்டியது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களுக்கு மட்டும் கூடுதலாக இருந்தது. நம்மில் யாரும் ஒலிம்பிக்கிற்குத் தயாராகவில்லை.

"அப்போ எக்ஸ்ரேல தேஞ்சிருக்குன்னு காட்டுதுங்களே?" காட்டும். ஐம்பது வயதில் தலைமயிர் நரைத்திருப்பதும் கண்ணாடியில் தெரிகிறது. எக்ஸ்ரேயில் நன்றாகத் தேய்மானம் தெரியும் பலருக்கு வலியே இருக்காது. படத்தில் சின்ன மாற்றம் மட்டும் உள்ள பலருக்கு வலி உயிரை எடுக்கும். வலியையும் நடமாட்டத்தையும் பெரிய அளவில் தீர்மானிப்பவை தொடைத்தசையின் வலு, உடல் எடை, தூக்கம், பயம். எக்ஸ்ரே படத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் தங்கள் தொடையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. தொட்டுப் பார்த்தால் பிரச்சினை எங்கே என்று அவர்களுக்கே விளங்கும்.

"எண்ணெ வத்திப் போச்சு" என்பது இந்த வதந்தியின் தங்கச்சி. முட்டிக்குள் ஊற்றி வைத்த எண்ணெய் ஏதும் இல்லை. மூட்டு உறை தினமும் திரவத்தைச் சுரக்கிறது. வீங்கி வலிக்கும் முட்டியில் அந்தத் திரவம் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும். வற்றிப் போனது என்று நினைத்துக்கொண்டு வெளியே தைலத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பயனில்லை.

இந்த வதந்திக்கு எங்கள் பக்கத்தில் வருடா வருடம் உயிர் கொடுப்பது எது என்று யோசித்திருக்கிறேன். தைப்பூசப் பாதயாத்திரை. காங்கேயத்திலிருந்து தாராபுரம் வழியாகப் பழனி அறுபது கிலோமீட்டருக்கு மேல். பதினொரு மாதம் கடை நாற்காலியை விட்டு எழாதவர், வேண்டுதல் என்று ஒரே மூச்சில் கிளம்புகிறார். பழக்கமில்லாத கால், தேய்ந்த ரப்பர் செருப்பு, தார் ரோடு, பத்தாத தூக்கம். திரும்பி வரும்போது முட்டி வீங்கியிருக்கிறது. "நடந்ததால்தான்" என்கிறார்கள். இல்லைங்க, நடக்காமல் இருந்துவிட்டு நடந்ததால். தீபாவளி முடிந்ததும் தினமும் நடக்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி, வாரத்துக்கு ஒருமுறை சிவன்மலைப் படியும் ஏறிப் பழகியவர் பழனிக்குப் போய் நல்லபடியாகத் திரும்புகிறார். முருகனுக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

வதந்தியில் ஒரு நெல்மணி அளவுக்கு உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கில் நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்தே செய்யும் வேலையும், கனமான சுமையோடு முழங்காலை மடக்கி எழும் வேலையும் மூட்டைக் கெடுக்கும். களங்களில் உட்கார்ந்த இடத்திலேயே தேங்காய்ப் பருப்பு எடுக்கும் பெண்களும், நெல் மூட்டை சுமக்கும் ஆட்களும்தான் இதற்குப் பலியாகிறவர்கள். அவர்களுக்கு ஒரு அடி உயர முக்காலியும், மணிக்கொரு தடவை எழுந்து நடக்க ஐந்து நிமிடமும் கொடுங்கள். முதலாளிகளுக்கு இதில் பெரிய செலவில்லை. ஆனால் கூத்தைப் பாருங்கள்: "நடந்தா தேஞ்சிரும்" என்று பயப்படுகிறவர் அந்தப் பெண் இல்லை. விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்தான்.

ஓய்வு என்ன செய்யும் என்பதற்கு 2007ல் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். சராசரி 67 வயதுள்ள, நோய்நொடி இல்லாத பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். பத்தே நாள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்தக் கதி. "முட்டி வலிக்குது, ஆறு மாசம் நடக்காதீங்க" என்று சொல்லி உட்கார வைக்கப்பட்ட ஒரு சர்க்கரை நோயாளியின் தொடை என்ன ஆகும்? வலிக்கிறது என்று நடப்பதில்லை, நடக்காததால் தசை கரைகிறது, தசை கரைந்ததால் இன்னும் வலிக்கிறது. கடைசியில் கழிப்பறையிலிருந்து எழ முடியாமல் பிள்ளைகளைக் கூப்பிடுகிற நிலை வருகிறது. மானத்தோடு வாழ்ந்த மனிதர்களுக்கு அதைவிட வேதனை கிடையாது. இதற்குக் காரணம் வயது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மற்ற வதந்திகளைச் சீக்கிரமாக முடிக்கிறேன்.

"தினம் பத்தாயிரம் காலடி வெச்சாத்தான் பலன்." 1965ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று காலடி எண்ணும் கருவியை விற்பதற்காக அதற்கு வைத்த பெயரிலிருந்து பிறந்த எண் அது. 2019ல் சராசரி 72 வயதுப் பெண்கள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது, ஒரு நாளுக்கு 4,400 காலடியிலேயே இறப்பு விகிதம் குறையத் தொடங்கியிருந்தது. 7,500ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை.

"வயசானவங்க எடை தூக்கப்படாது." 1990ல் தொண்ணூறு வயதையொட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தபோது அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. போதுமா?

"நாங்கெல்லாம் காட்டு வேலை செஞ்ச உடம்புங்க." செய்தீர்கள், உண்மைதான். இப்போது உழுவது டிராக்டர், தண்ணீர் பாய்ச்சுவது சொட்டுநீர்க் குழாய், மோட்டாரைப் போடுவது கைப்பேசி. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக்குப் பின்னால் நடந்த அப்பாருவின் கால் உங்களுக்குச் சொத்தாக எழுதி வைக்கப்படவில்லை.

"முட்டி வலி மாத்திரை டப்பா ஆயிரத்துச் சில்லறை, சாப்பிட்டா குருத்து வளருமாமா." குளுக்கோசமைனைத்தான் சொல்கிறார்கள். 2006ல் ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில், மொத்தமாகப் பார்த்தால், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை. அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்குங்கள்.

எப்படித் தொடங்குவது? பத்து நிமிடம் நடங்கள். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். வாரா வாரம் சில நிமிடங்கள் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற அளவுக்கு வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் அதுதான். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்து முறை, காலையும் மாலையும் செய்யுங்கள். எடையைக் குறையுங்கள்: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது. கைத்தடி தேவைப்பட்டால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். முக்கால்வாசிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தால் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். முட்டி திடீரென வீங்கிச் சூடானாலோ, மடங்கிப் பூட்டிக்கொண்டாலோ, விழுந்த பிறகு ஊன்ற முடியாவிட்டாலோ, நடக்கையில் நெஞ்சு பிடித்தாலோ, சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் புண் இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நடை ஒன்று மட்டும் போதாது. அறுபதுக்கு மேல் ஆளைச் சாய்ப்பது கீழே விழுவதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்து 2019ல் பார்த்ததில், உடற்பயிற்சி விழுவதை 23 சதவீதம் குறைத்தது. குறிப்பாகச் சமநிலைப் பயிற்சிகள். ஒரு காலில் நிற்க, பக்கவாட்டில் அடி வைக்க, சட்டெனத் திரும்ப, குனிந்து நிமிரப் பழக வேண்டும். இதைச் சொல்லித்தர வெளிநாட்டு முறைகளைத் தேடுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. வள்ளிக்கும்மி ஆட்டம் நம் வாசலில் இருக்கிறது. பக்கவாட்டு அடி, திருப்பம், குனிவு, கைதட்டு, பாட்டை நினைவில் வைத்தபடியே காலை மாற்றுவது என்று சமநிலைக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. தனியாக நடக்க அலுக்கிறவர் கூட்டத்தோடு கும்மியடித்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

இந்தக் கலைக்காக 2024ல் பத்மஸ்ரீ பெற்ற எம். பத்ரப்பனுக்கு அப்போது வயது 87. ஆண்கள் ஆடிவந்த கும்மிக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். தேக்கம்பட்டி விவசாயி பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் காட்டில் வேலை செய்து 2021ல் பத்மஸ்ரீ வாங்கினார். ஓரிருவரை வைத்து மருத்துவம் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த மண்ணில் முதுமை இப்படியும் இருந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். இன்று நம் ஊர்களில் கும்மி அரங்கேற்றம் என்றால் ஒரே நிறச் சேலையில் இளம்பெண்கள் ஆடுகிறார்கள், அம்மாயியும் அப்பத்தாவும் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். அவர்களை முதலில் வட்டத்துக்குள் அழையுங்கள். வேகத்தைக் குறைத்து, குனிவை அளவாக்கி, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கென்று தனி வகுப்பே நடத்தலாம். எந்தச் சாதி என்று கேட்டு வரிசை சேர்க்கும் கும்மி மட்டும் எனக்கு வேண்டாம். முட்டி வலிக்குச் சாதி கிடையாது, அதற்கான மருந்துக்கும் இருக்கக் கூடாது.

காங்கேயம் நகராட்சிக்கும், சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும், கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பள்ளி மைதானங்களையும் கோயில் திடல்களையும் மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் திறந்துவிடுங்கள். நல்ல வெளிச்சம், உட்கார நாலு பெஞ்சு, சுத்தமான கழிப்பறை இருந்தால் போதும், பெண்கள் வருவார்கள். கும்மி ஆசிரியர் ஒருவரை வாரத்துக்கு இரண்டு நாள் வரவையுங்கள். அருகிலிருக்கும் இயன்முறை மருத்துவரையும் கூப்பிடுங்கள், நாங்கள் காசு வாங்காமல் வருவோம்.